பஸ் பத்து நிமிஷம் நிற்கும்... எங்கே, என்ன சாப்பிடுவது?

காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிறீர்கள். பதினொன்றரைக்குள் குறிஞ்சிப்பாடி தாலுகா ஆபீஸில் நிற்க வேண்டும். அல்லது, நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மாமனாரைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டும். வீட்டில் ஒரு டம்ளர் காபியோடு கிளம்பியாகிவிட்டது. எட்டரை மணிக்கு வயிறு கபகபவென்கிறது. நல்லவேளையாக நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் வாசலில் பஸ் நிற்கிறது.

"பத்து நிமிஷம்தான்... டிபன் சாப்பிடறவங்க சீக்கிரம் சாப்பிட்டுட்டு வந்துடுங்க!"

உள்ளே போனால், தோசை வர எட்டு நிமிஷம் ஆகும் என்கிறார் சர்வர். "பூரி ரெடியா இருக்கு சார்... பொங்கல் ரெடியா இருக்கு." கண்டக்டர் விசில் அடிப்பதற்குள் முடிக்க வேண்டுமே! ரெடியாக இருப்பதையே வாங்குகிறீர்கள்.

பயணத்தில் வயிறு கெடுவதற்கான ஆரம்பம் பெரும்பாலும் இந்த இடம்தான். கடை சின்னதா பெரியதா, விலை குறைவா கூடுதலா என்பதெல்லாம் அப்புறம். அவசரத்தில் நமக்கு உடனே கிடைப்பது எது? ஏற்கெனவே செய்து வைத்தது. வயிற்றுக்கு ஆகாததும் பெரும்பாலும் அதுதான்!

சமைத்த உணவு 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக இருக்கிற வரை கிருமிகள் பெருக முடியாது. 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருந்தால், பெருகும் வேகம் மிகவும் குறைந்துவிடும். நடுவில் இருக்கிறதே வெதுவெதுப்பு, அதுதான் ஆபத்து. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலுக்கு ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "திரும்பச் சூடு பண்ணிக் கொடுத்தாங்களே!" என்று சிலர் கேட்பார்கள். சில கிருமிகள் உணவில் விட்டுப்போகும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்த சோறு, பொங்கல், பிரியாணி இவற்றில் வரும் கோளாறு அப்படிப்பட்டது.

எனவே, அவசரமாகப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி 'எந்த ஹோட்டல்?' என்பதல்ல. 'எந்த ஊரில், எத்தனை மணிக்கு?' என்பதே.

நிற்கிற இடம் வேறு, இறங்குகிற ஊர் வேறு

நம் வழியையே பார்ப்போமே. சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற சாலை விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, நெய்வேலி ஆர்ச் கேட், வடலூர், சேத்தியாத்தோப்பு என்று போகிறது. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலை குறிஞ்சிப்பாடி, வடலூர், மந்தாரக்குப்பம் வழியாக. இரண்டும் வெட்டிக்கொள்வது வடலூரில். சென்னை பஸ்ஸில் இந்த வழியாக வந்து குறிஞ்சிப்பாடி போகிறவர் வடலூரில் இறங்கித்தான் மாற வேண்டும். அங்கிருந்து சிறிது தூரம்தான்.

அப்படியானால் வடலூரிலேயே சாப்பிட்டால் என்ன? அங்கே உங்கள் தலைக்கு மேல் யாரும் ஹாரன் அடிக்கப்போவதில்லை. ஒரு பஸ் போனால் அடுத்த பஸ். எட்டு நிமிஷம் காத்திருந்து சுடச்சுட தோசை வாங்கிச் சாப்பிடலாம். பஸ் 'நிற்கிற' இடத்தில் சாப்பிடாமல், நீங்கள் 'இறங்குகிற' ஊரில் சாப்பிடுவது என்று பழக்கிக்கொண்டால் காசும் மிச்சம், வயிறும் மிச்சம். ஊருக்குள் இருக்கும் கடைக்காரர் நாளைக்கும் அதே ஜனங்களுக்கு இட்லி விற்றாக வேண்டும். கெட்டுப்போனதைப் போட்டால் தெருவே பேசும். நெடுஞ்சாலை மோட்டலுக்கு அந்தக் கவலை குறைவு. இன்று வந்த முகம் நாளைக்கு வரப்போவதில்லை.

எல்லா மோட்டலையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. சுத்தமாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அரசு பஸ்கள் நிற்கிற உணவகங்களுக்கு, விலைப்பட்டியல் மாட்ட வேண்டும், பில் கொடுக்க வேண்டும், பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக்கூடாது என்றெல்லாம் 2022-ல் போக்குவரத்துத் துறை நிபந்தனை விதித்தது. கேட்டு வாங்கினால் கிடைக்கும். நாம்தான் 'பஸ் போயிடுமே' என்று கேட்பதில்லை!

இன்னொன்று, புறவழிச்சாலை. சாலை அகலமாக அகலமாக, ஊரும் ஊருக்குள் இருக்கும் மெஸ்ஸும் கண்ணில் படாமல் போய்விடுகின்றன. சொந்தக் காரில் போகிறவர்கள் ஐந்து நிமிஷம் செலவழித்து ஊருக்குள் திருப்பினால், அதே டிபன் பாதி விலைக்குக் கிடைக்கிற ஊர்கள் எத்தனையோ உண்டு.

செத்த நேரம்

ஊர் சரி, மணி? நம் ஊர் ஹோட்டல்களுக்கு ஒரு நாடித்துடிப்பு உண்டு. காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை டிபன் ஓடும். இட்லித் தட்டு இறங்குவதும் காலியாவதுமாக இருக்கும். பன்னிரண்டேகாலுக்குச் சாப்பாடு ஆரம்பித்தால் இரண்டு மணி வரை சூடாக இருக்கும். ஏழு மணிக்கு மேல் ராத்திரி டிபன். இந்த நேரங்களில் எந்தச் சுமாரான கடையிலும் பதார்த்தம் தேங்காது.

காலை பதினோரு மணியும், மாலை நாலு மணியும் செத்த நேரம். காலை டிபனின் மிச்சம் பாத்திரத்தின் அடியில் கிடக்கும். சாப்பாடு இன்னும் ஆகியிருக்காது. வெளியூர்ப் பயணி வந்து இறங்குவதோ சொல்லி வைத்தாற்போல அந்த நேரத்தில்தான்! அப்போது உங்கள் கண் எதிரே கல்லில் போட்டு எடுப்பதை மட்டும் கேளுங்கள். தோசை, ஊத்தப்பம், நன்றாக வெந்த ஆம்லெட். இல்லையா, இரண்டு வாழைப்பழமும் ஒரு டீயுமாக ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, பன்னிரண்டரைக்கு முதல் பந்தியில் உட்காருங்கள்.

நெய்வேலிப் பக்கம் இதில் கொஞ்சம் வித்தியாசம். சுரங்கமும் அனல்மின் நிலையமும் ராப்பகலாக ஷிப்ட் முறையில் ஓடுகிறவை. ஷிப்ட் விடுகிற நேரம், ஏறுகிற நேரம் என்று சாப்பிட ஆள் வந்துகொண்டே இருப்பதால், மந்தாரக்குப்பம் மாதிரி இடங்களில் அடுப்பு சீக்கிரம் பற்றவைக்கப்படும், நேரங்கழித்து அணையும். சைக்கிளும் பைக்கும் வரிசையாக நிற்கிற, தொழிலாளிகள் நின்றுகொண்டே சாப்பிடுகிற கடை பார்வைக்கு அழுக்காகத் தெரியலாம். ஆனால், அங்கே இட்லி அரை மணி நேரம்கூடத் தங்குவதில்லை. ஏ.சி. ஹாலில் ஆள் இல்லாமல் காத்திருக்கும் பூரியைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

அதற்காகக் கூட்டத்தை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. கை கழுவுகிற இடத்தைப் பாருங்கள். அங்கே சோப்பு இருக்கிறதா? காசு வாங்குகிற கையாலேயே வடையை எடுத்து வைக்கிறார்களா? எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள். கறுத்துக் குழகுழத்து, புகைந்துகொண்டிருந்தால் வடை, பஜ்ஜி, பூரி மூன்றையும் மறந்துவிடுங்கள். பில்லில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து சட்டம். அந்த எண் இருந்தால் யாரிடம் புகார் போக வேண்டும் என்ற பிடி நம் கையில் இருக்கிறது.

சட்னியா, சாம்பாரா?

தயங்காமல் சாம்பார் என்று சொல்லுங்கள். தேங்காய்ச் சட்னி அடுப்பைப் பார்க்காத பண்டம். பச்சைத் தேங்காய், பச்சைத் தண்ணீர், பத்து மணிக்கு நீர்த்துப்போனால் மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீர்! சாம்பார் அடுப்பில் கொதித்தபடியே இருக்கும். இட்லி ஆவியில் வெந்தது, லேசான புளிப்பும் உண்டு. பயணிக்கு அதைப்போல நண்பன் இல்லை. பரோட்டா பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: கல்லிலிருந்து நேரே இலைக்கு வருகிற பரோட்டாவும் கொதிக்கிற சால்னாவும் கிருமி விஷயத்தில் ஆறிய பொங்கலைவிடப் பத்திரமே. ஆனால், அதைத் தின்றுவிட்டு நாலு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கினால் வயிறு கல்லாகக் கிடக்கும். அது வேறு கஷ்டம்.

மதியம் 'அளவுச் சாப்பாடு' இருக்கிறதா என்று கேளுங்கள். விலை குறைவு, சீக்கிரம் வரும், வயிறும் கனக்காது. பச்சை வெங்காயப் பச்சடி, நறுக்கி வைத்த பழம், ஐஸ் போட்ட ஜூஸ், தண்ணீர் விளாவிய மோர் ஆகியவற்றை ஊர் போய்ச் சேருகிற வரை தள்ளி வைக்கலாம்.

'வெந்நீர்' என்று கேட்டால் பல கடைகளில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பச்சைத் தண்ணீர் டம்ளரில் கொஞ்சம் சுடுதண்ணீரை ஊற்றி விளாவிக் கொடுக்கிறார்கள். குடிக்க இதமாக இருக்கும். கிருமிக்கும் இதமாகத்தான் இருக்கும்! கொதித்து ஆறிய நீர்தான் பத்திரம். வீட்டிலிருந்தே இரண்டு பாட்டில் கொண்டுபோங்கள்.

கையில் காசே இல்லாத நாள்

வடலூர் வரை வந்துவிட்டு அந்த அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1867-ம் ஆண்டு மே 23-ம் தேதி வள்ளலார் இராமலிங்க அடிகள் இங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பஞ்சம் வாட்டிய காலம். இடம் கொடுத்தவர்கள் ஊர் மக்கள். அன்றைக்கு மூட்டிய அடுப்பை அணையா அடுப்பு என்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வேளை தவறாமல் அங்கே சோறு போடுகிறார்கள். சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, 'எதற்காக வந்தாய்?' என்றும் கேட்பதில்லை. பசி ஒன்றே நுழைவுச்சீட்டு.

"நாம போய் இலவசச் சாப்பாட்டு வரிசையில உட்கார்றதா?" என்று நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. அந்தக் கூச்சத்தால் ஆஸ்பத்திரிக்கு வந்த எத்தனையோ பெண்கள், கையில் இருக்கிற பணம் மருந்துக்கு வேண்டுமே என்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயும் பன்னுமாக நாளைக் கழிக்கிறார்கள். அப்ரென்டிஸ் வேலைக்கு நேர்காணல் என்று நெய்வேலி வந்து, திரும்பிப் போகப் பஸ் காசை எண்ணி வைத்துக்கொண்டு பட்டினியாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் அந்த அடுப்பு. பசியை ஒரு நோய் மாதிரி, துன்பங்களிலேயே பெரிய துன்பமாகப் பார்த்தவர் வள்ளலார். பசித்தவர் வெட்கப்படவேண்டிய இடம் அல்ல அது. வசதியிருப்பவர் சாப்பிட்டால், முடிந்த அரிசியோ பருப்போ காசோ கொடுத்துவிட்டு வரலாம். மலிவு ஹோட்டலாக மட்டும் அதை நினைக்க வேண்டாம், அவ்வளவுதான். தைப்பூசத்தன்றும் மாதப் பூச நாட்களிலும் கூட்டம் நெரியும். நேரத்தோடு போக வேண்டியவர்கள் அந்த நாட்களில் இந்த வழியையே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆரோக்கியக் கண்ணால் பார்த்தாலும் அங்கே ஒரு விஷயம் உண்டு. பொங்கி இறக்கியது பந்தியில் உடனே தீர்கிறது, சைவம், எளிய சமையல். வெளியூரில் தேடவேண்டிய சாப்பாடு அந்த மாதிரிதான்.

மற்ற ஊர்களிலும் இதுபோல உண்டு. 2002-ல் தொடங்கிய கோயில் அன்னதானத் திட்டத்தில் நூற்றுக்கணக்கான கோயில்களில் மதியச் சாப்பாடு போடுகிறார்கள். சென்னையில் 2013 பிப்ரவரியில் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம் ஆரம்பமானபோது, லோடு இறக்குபவர்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்த குடும்பங்களும் வரிசையில் நின்றன.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க!

சாப்பாடு தள்ளிப்போவது மற்றவர்களுக்குச் சங்கடம். இவர்களுக்கு ஆபத்து. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும், 'மோட்டல் வந்துடும்' என்று நம்பி பஸ்ஸிலேயே ஊசியையோ மாத்திரையையோ போட்டுவிடக் கூடாது. பஸ் எங்காவது நெரிசலில் மாட்டிக்கொண்டால்? சாப்பாட்டு வேளைக்கான இன்சுலின் என்றால், தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசி.

திடீரென்று வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் என்றால் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுகோஸோ தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் நாலு பிஸ்கெட்டோ இரண்டு இட்லியோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். அப்பாவைத் தனியாக பஸ் ஏற்றிவிடும் பிள்ளைகள், சட்டைப் பையில் ஒரு குளுகோஸ் பாக்கெட்டும் 'எனக்குச் சர்க்கரை நோய் உண்டு' என்று எழுதிய சீட்டும் வைத்து அனுப்புங்கள். இன்சுலினைக் கார் டேஷ்போர்டு வெயிலில் வைக்காதீர்கள்.

பெண்கள் பலர் வேறொரு தப்பு செய்கிறார்கள். வழியில் நல்ல கழிப்பறை இருக்காதே என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. தலைவலி, மயக்கம், அப்புறம் சிறுநீரில் எரிச்சல், தொற்று. சாப்பிடக் கடை தேடும்போதே கழிப்பறையும் இருக்கிற கடையாகத் தேடுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது ரொம்பவே முக்கியம்.

பாட்டியின் கட்டுச்சோறு

மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, வாட்டிய வாழையிலையில் புளியோதரை... ரயிலும் பஸ்ஸும் வருவதற்கு முன்பே நம்மவர்கள் கண்டுபிடித்த பயண உணவு. புளியின் புளிப்பு கிருமியை அவ்வளவு சுலபமாக அண்டவிடாது. எண்ணெய் இட்லியைக் காயவிடாது. சோற்றை நன்றாக ஆறவிட்டுக் கிளறுவதில்தான் சூட்சுமம். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி நீர்த்து, மத்தியானத்துக்குள் நூல் விடும். தயிர்சாதத்தில் பால் கூட்டிப் பிசைந்து காலையில் எடுத்தால், பதினோரு மணிக்குள் தீர்த்துவிட வேண்டும். தேங்காய், உருளைக்கிழங்கு மசாலா, முட்டை இவற்றைக் கட்டுச்சோற்றில் சேர்க்காதீர்கள். நியூஸ்பேப்பரில் மடிக்கவே கூடாது. மை சோற்றில் இறங்கும்.

குழந்தைகளுக்கு வாழைப்பழமும் பொட்டுக்கடலையும் போதும். பஸ்ஸில் வாந்தி எடுக்கிற குழந்தையைப் பட்டினி போட்டுக் கூட்டிப்போவது வழக்கம். வெறும் வயிறும் குமட்டும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு இட்லி கொடுத்து, முன் சீட்டாகப் பார்த்து உட்கார வையுங்கள். சித்திரை தாண்டிப் போனால் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு பூரா பலாப்பழ வாசனை வீசும். ஈ மொய்க்க நறுக்கி வைத்த சுளையை விட்டுவிட்டு, முழுப்பழமாக வாங்கி வீட்டில் வந்து அறுத்துச் சாப்பிடுங்கள். முந்திரியும் அப்படியே, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவு பார்த்தும் வயிறு கெட்டுவிட்டதா? சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் கடைசியாகச் சாப்பிட்டது மேல் சந்தேகப்படலாம். மறுநாள் காய்ச்சலோடு பேதி என்றால் நேற்றைய, முந்தாநாளைய சாப்பாடாகவும் இருக்கலாம். கடைசிக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பாதியை அரை டம்ளரில் கரைப்பது தப்பு. பொடி கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. பெட்டிக்கடையில் 'ஓ.ஆர்.எஸ்.' பெயரில் விற்ற பழச்சுவை பானங்கள் பலவற்றில் இருந்தது சர்க்கரைதான். அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் பொடியாகவே கேளுங்கள்.

பேதியில் ரத்தம், விடாத வாந்தி, அதிகக் காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, குழந்தையோ பெரியவரோ துவண்டு போதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த பஸ் ஏறிவிடாதீர்கள். இறங்கின ஊரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.